மாமனார் கடிதமும் ஒரு விசா வித்வானும்

பாட்டு வித்வானைப் பார்க்க வேண்டுமென்றால் கச்சேரிக்குப் போக வேண்டும், டிக்கெட் எடுக்க வேண்டும், முன்வரிசைக்காரரின் தலை மறைக்காமல் இருக்க வேண்டும். விசா வித்வானைப் பார்க்க இந்தச் சிரமமெல்லாம் கிடையாது. நாலு பேர் இருக்கும் இடத்தில், "வெளிநாடு வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வரலாம்னு இருக்கேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், போதும். நாலு பேரில் ஒருவர் நாற்காலியை இழுத்து உங்கள் முழங்காலில் இடிக்கிற மாதிரிப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எந்த கேட்டகரி?" என்று கேட்பார். அவர்தான். தப்பிக்க நினைக்காதீர்கள், தாமதமாகிவிட்டது.

இந்த இனத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்கிறீர்களா? நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. இரண்டு இயந்திரங்கள், அதில் ஒன்று நாளுக்கு நாலு தாளை விழுங்கும். ஒரு லேமினேஷன் மெஷின். யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க மேஜைக் காலோடு கயிறு கட்டிய ஒரு ஸ்டேப்ளர். விசாவுக்குப் போகிற காகிதமெல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகிறது. கூடவே வித்வான்களும் வருகிறார்கள். "ரெண்டு சைடும் எடுங்க, பின்னாடி ஒண்ணும் இல்லாட்டியும் எடுங்க, ஒண்ணும் இல்லைன்னு அவன் பார்க்கணும்ல!" என்று வெற்றுத் தாளுக்கும் காப்பி எடுக்க வைப்பவர்கள் இவர்கள்தான். என் வீட்டு அடுப்பு எரிவதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே நன்றியோடுதான் எழுதுகிறேன்.

விசா வித்வானின் முதல் அடையாளம், அவர் அதிகமாகப் பயணம் செய்தவராக இருக்க மாட்டார். மாதம் இரண்டு தடவை விமானம் ஏறுகிறவரைக் கேட்டுப்பாருங்கள், "அப்ளை பண்ணினேன், குடுத்தாங்க" என்பார், அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது. எனக்குத் தெரிந்த வித்வான் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பதினெட்டு வருடங்களுக்கு முன்னால், பதினொரு நாள், நாற்பத்திரண்டு பேரோடு ஒரு பேருந்தில், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் வெளிநாடு போய்வந்தார். அந்த விசாவையும் சுற்றுலாக் கம்பெனிக்காரர்களே வாங்கினார்கள். இவர் செய்தது மூன்று இடத்தில் கையெழுத்து. அதில் ஒன்று தப்பான இடம்.

இது போதாதா? அன்றிலிருந்து அவர் வித்வான்.

அவருக்குத் தூதரகத்தின் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். முதல் கவுண்டர் அம்மா முகத்தைப் பார்த்ததும் மறுத்துவிடுவார். மூன்றாவது கவுண்டர்காரர் நல்லவர், ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் நல்லவர் இல்லை. கட்டம் போட்ட சட்டை ஆகாது. போட்டோவில் சிரித்தால் 'இவன் அங்கேயே தங்கிவிடுவான்' என்று அர்த்தம், சிரிக்காவிட்டால் 'இவன் எதையோ மறைக்கிறான்' என்று அர்த்தம், அதனால் சிரிக்கப் போகிறவன் மாதிரி இருக்க வேண்டும். எந்தக் கவுண்டருக்குப் போவது என்பதை டோக்கன் அல்லவா முடிவு செய்கிறது என்று கேட்டீர்களானால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். அவர் சொல்லி எத்தனை பேருக்கு விசா கிடைத்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

சரி, பொதுவாகப் பேசியது போதும். நடந்ததைச் சொல்கிறேன்.

என் கடைக்கு அடுத்த கடை மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் சாது. யாராவது உடைந்த கண்ணாடியைக் கொண்டுவந்தால், அதை உடைத்தவரே இவர்தான் என்பது போல மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒட்டிக் கொடுப்பார். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். காதல் கல்யாணம். அந்தப் பெண்ணின் அப்பா அம்மா இருப்பது வெளிநாட்டில், பெண் வளர்ந்தது இங்கே பாட்டி வீட்டில். அப்பா ஒரே மகளுக்கு இன்ஜினியர் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்த நேரத்தில், மகள் கண் பரிசோதிக்க வந்த கடையிலேயே மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார். ஆறு வருடம் மாமனார் மருமகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் மகளிடம், "அந்த ஆளு சௌக்கியமா?" என்று கேட்பார். அந்த ஆள் பக்கத்திலேயே நின்று, "சௌக்கியம்னு சொல்லு" என்பார். மகள் மட்டும் இரண்டு தடவை தனியாகப் போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார்.

மாமியார் ஆறு வருடம் என்ன சொல்லிக்கொண்டே இருந்தாரோ, மாமனார் மனதில் என்ன இளகியதோ, ஒரு நாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. தூதரகத்துக்கு மாமனார் தன் கையால் எழுதிய அழைப்புக் கடிதம். நாலே வரி. 'இவர் என் மகளின் கணவர். என் மருமகன். எங்கள் வீட்டில்தான் தங்குவார். இவருக்கு நான் பொறுப்பு.'

அதைக் காப்பி எடுக்க என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண், "அண்ணே, மெஷின் முழுங்கிடாதே?" என்று மூன்று தடவை கேட்டார். நான் நல்ல மெஷினில், கையாலேயே பிடித்து எடுத்துக் கொடுத்தேன். 'என் மருமகன்' என்ற இடத்தைக் கண்ணாடிக்காரர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும், அவர் மனம் மாறுவதற்குள் போக வேண்டும். மனிதருக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

அப்போதுதான் வித்வான் வந்தார். அவர் வேறு யாருமில்லை, கண்ணாடிக்காரரின் சொந்த அக்கா வீட்டுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலை இல்லாத வித்வானைவிட ஆபத்தானது ஒன்றும் கிடையாது.

வந்ததும் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபைலை மடியில் வைத்தார். கடிதத்தைப் படித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, இந்த லெட்டரை ஃபைல்லேருந்து வெளிய எடு."

"ஏன் அத்தான்?"

"மாமனார்ங்கற வார்த்தை உள்ள வந்துச்சோ, கதை முடிஞ்சுது. மாமனார் வீட்டுக்குப் போறவன் திரும்பி வருவானான்னு விசா ஆபீசர் யோசிப்பான். நீயே சொல்லு, வருவியா?"

"பதினஞ்சு நாள்ல வந்துடுவேனே. கடை இருக்கே."

"அது உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா? நீ டூரிஸ்ட். அருவி பாக்கப் போற, மியூசியம் பாக்கப் போற, ஹோட்டல்ல தங்கப் போற. புரியுதா?"

அந்தப் பெண் குறுக்கே வந்தார். "அண்ணே, நான் ரெண்டு தடவை அப்பாவப் பாக்கப் போறேன்னுதான் எழுதினேன். பதினோரு பக்கந்தான் குடுத்தேன். கிடைச்சுதே?"

வித்வான் அவரை அன்போடு பார்த்தார். "உனக்குக் கிடைச்சது அதிர்ஷ்டம்மா. அதிர்ஷ்டத்தப் போயி முறைன்னு நெனச்சுக்காதே."

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: எங்கள் நாட்டில் உங்களுக்கு உறவினர் உண்டா? கண்ணாடிக்காரரின் பேனா 'உண்டு' என்ற கட்டத்துக்கு நேராகப் போனது. வித்வான் மணிக்கட்டைப் பிடித்தார். "உறவினர்னு அவன் கேக்கறது ரத்த சொந்தத்த. மாமனார் உனக்கு ரத்த சொந்தமா?" கண்ணாடிக்காரர் யோசித்தார். ஆறு வருடமாக அந்த மனிதர் எந்தச் சொந்தமாகவும் இல்லாமல்தான் இருந்தார். பேனா 'இல்லை'யில் போய் நின்றது. கடிதம் மடித்தபடி அவர் சட்டைப் பைக்குள் போனது.

பிறகு ஃபைலைக் கனமாக்கும் வேலை. அதிகாரி ஃபைலைப் படிப்பதில்லை, கையில் தூக்கித்தான் பார்க்கிறார் என்பது வித்வானின் சித்தாந்தம். பள்ளிச் சான்றிதழ், கடை உரிமம், வங்கிக் கணக்கு, வரி கட்டிய ரசீது, மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், ஹோட்டல் புக்கிங், கல்யாணப் பதிவுச் சான்று (அதிலே மனைவியின் அப்பா பெயர் இருக்கிறது என்று எடுத்தார், எடுத்ததற்குப் பதிலாக வேறு மூன்று வைத்தார்), கடை 'ஓஹோ' என்று நடக்கிறது என்று காட்ட ஒரு போட்டோ. கடையில் அன்றைக்கு ஈ காக்காய் இல்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கண்ணாடி மாட்டி வரிசையாக நிற்க வைத்தார். எனக்குக் கண் பளிச்சென்று தெரியும். ஆனாலும் அந்தப் போட்டோவில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் உள்ள பெரிய எழுத்தைப் படிக்கத் திணறுகிறவனாக நிற்பது நான்தான்.

நூற்று நாற்பத்து மூன்று பக்கம். அத்தனையும் இரண்டு செட். நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

நேர்முகத்துக்குப் போன அன்று வெளிர் நீலச் சட்டை, சிரிக்கப் போகிற முகம், கையில் மூட்டை மாதிரி ஃபைல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதிகாரி. கண்ணாடிக்காரர் திரும்பி வந்து எங்களிடம் சொன்னது இது:

"எங்க போறீங்கன்னு கேட்டாரு. சுத்திப் பாக்கன்னேன். என்ன பாக்கன்னு கேட்டாரு. அருவின்னேன்."

"கரெக்ட்," என்றார் வித்வான்.

"எந்த அருவின்னு கேட்டாரு."

"ம்?"

"பெரிய அருவின்னு சொன்னேன்."

வித்வான் ஸ்டூலில் நெளிந்தார். "அப்புறம்?"

"உங்க மாமனார் மாமியார் எங்க இருக்காங்கன்னு கேட்டாரு. நான் ஃபைல அவரு பக்கம் நகத்தினேன். அவரு கம்ப்யூட்டரப் பாத்தாரு. என் வீட்டுக்காரி போன வருஷம் எழுதிக் குடுத்த ஃபாரம் அதுல இருக்கு போல. அவங்க அப்பா பேரு, வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாத்தையும் எனக்கே படிச்சுக் காட்டினாரு. இவங்க யாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ரத்த சொந்தம் இல்லைங்கன்னேன்."

ஃபைலை அதிகாரி திறக்கவே இல்லையாம். தூக்கியும் பார்க்கவில்லையாம். ஒரே ஒரு தாள் கொடுத்தனுப்பினார். அச்சடித்த தாள், இரண்டு கட்டத்தில் டிக். 'பயணத்தின் நோக்கம் நம்பும்படியாக இல்லை.' 'உறவினர் பற்றிய விவரம் சரியாகத் தரப்படவில்லை.'

இப்போது வித்வான் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? தப்பு என்னுடையது என்றா? நீங்கள் இந்த இனத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது சொன்னார், என்ன சொன்னார் என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. அவருக்கும் நினைவில்லை. ஆனாலும் அவ்வளவு உறுதியாகச் சொன்னபோது, நாங்கள்தான் கேட்காமல் விட்டுவிட்டோமோ என்று எனக்கே ஒரு கணம் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் அந்தப் பெண் வேலையிலிருந்து பாதியில் வந்து கணவர் கடையில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பாவை இருவரும் திறக்கவில்லை. வித்வான் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சும்மா போய் நின்றேன். போன் அடித்தது. அப்பா. விசா மறுத்துவிட்டார்கள் என்று மட்டும் முந்தைய நாள் மகள் சொல்லியிருந்தார், ஏன் என்று சொல்லவில்லை.

மகள் போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தக் குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகம் இருந்தது.

"நான் பொறுப்புன்னு என் கைப்பட எழுதிக் குடுத்திருக்கேன். இந்த ஊர்ல முப்பது வருஷமா இருக்கேன். என் வார்த்தைக்கு இவ்வளவுதான் மதிப்பா? இங்க இருக்கற விசா ஆபீசுக்கு நானே நேர்ல போய்க் கேக்கப் போறேன்."

மகள் கணவரைப் பார்த்தார். கணவர் அத்தானைப் பார்த்தார். வித்வான் ஒரே நேரத்தில் மாட்டியிருந்த இரண்டு கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டி ஜாடை காட்டினார்: கடிதம் தொலைந்துவிட்டது என்று சொல்லு. தூதரகத்தில் தொலைத்துவிட்டார்கள்.

நல்ல யோசனைதான். ஒரு வார்த்தை போதும். கிழவரின் மானமும் போகாது, மருமகன் பெயரும் கெடாது. அந்த இடத்தில் நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

கண்ணாடிக்காரர் போனைக் கையில் எடுத்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"மாமா, நான்தான் பேசறேன். உங்க லெட்டரை நான் குடுக்கவே இல்ல. என் சட்டைப் பையிலதான் இருக்கு. மாமனார்னு எழுதினா விசா குடுக்க மாட்டாங்கன்னு... சொந்தக்காரங்க யாரும் இல்லைன்னு எழுதிட்டேன். தப்பு என்னுதுதான்."

அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறு வருடம் கழித்து ஒரு மனிதர் இறங்கிவந்து 'என் மருமகன்' என்று எழுதுகிறார், அந்த மருமகன் 'எனக்கு மாமனாரே இல்லை' என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். எந்த மாமனாருக்குத் தாங்கும்? நூற்று நாற்பத்து மூன்று பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தவன் நான்தானே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

"எத்தனை பக்கம் வச்சீங்க?" என்றது குரல்.

"ஆங்?"

"ஃபைல்ல. எத்தனை பக்கம்?"

"நூத்தி நாப்பத்தி மூணு."

"பத்தாது," என்றார் மாமனார்.

வித்வான் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினார்.

"மாமனார் லெட்டரை எடுக்கச் சொன்னது யாரு? தப்பில்ல, எடுத்தது ஒரு வகையில சரிதான். ஆனா எடுத்தா அந்த எடத்துல இந்த ஊர் தமிழ்ச் சங்கத்து லெட்டர் வைக்கணும். இங்க எங்க சங்கத்துல நான் எத்தனை பேருக்குச் சொல்லிருக்கேன் தெரியுமா! என்ன கலர் சட்டை போட்டுட்டுப் போனீங்க?"

"வெளிர் நீலம்..."

"வெள்ளை போட்டிருக்கணும் மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை! சொன்னவருக்கே தெரியாமல் வந்து விழுந்த வார்த்தை. அந்தப் பெண் பொத்திய கையை எடுக்காமலே அழ ஆரம்பித்தார். கண்ணாடிக்காரருக்கு அது காதில் விழவில்லையோ என்று பார்த்தேன். விழுந்திருந்தது. சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சரிங்க மாமா... வெள்ளைங்க மாமா..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வித்வானுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "வெள்ளை போட்டா மூணாவது கவுண்டர்ல ஆகாதுங்க!" என்று போனைப் பார்த்துக் கத்தினார். "யாருங்க அது?" என்றது போன். அப்புறம் நாற்பது நிமிடம் வித்வானுக்கும் வித்வானுக்கும் நடந்த கச்சேரியை விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. கடல் கடந்தும் ஒரே இனம், ஒரே ராகம். தாளை ஸ்டேப்ளர் அடிப்பதா, கிளிப் மாட்டுவதா என்பதில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

இரண்டாவது விண்ணப்பம் இருவர் மேற்பார்வையிலும் தயாரானது. இருநூற்றுப் பதினொரு பக்கம். வெள்ளைச் சட்டை. சங்கத்துக் கடிதம். எட்டு நாளில் அதே அச்சடித்த தாள் வந்தது, டிக் மட்டும் மூன்றாகிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்" என்று இரண்டு நாட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

அந்தப் பெண் பொறுத்தது போதும் என்று மூன்றாவது விண்ணப்பத்தைத் தானே எழுதிவிட்டார், யாரிடமும் சொல்லாமல். 'உறவினர் உண்டா' என்ற இடத்தில் 'உண்டு'. முன்பு 'இல்லை' என்று எழுதியது தவறு என்று ஒரு பக்கம். மாமனார் கடிதம். எல்லாம் சேர்த்துப் பதினான்கு பக்கம். பதில் இன்னும் வரவில்லை.

மாமனார் தினமும் மத்தியானம் மருமகன் கடைக்குப் போன் செய்கிறார். மகளுக்கு அல்ல. "மாப்பிள்ளை, ஒரு பாயிண்ட் தோணுச்சு" என்றுதான் ஆரம்பம். விசாவில் ஆரம்பித்து, விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று போய், மாமியார் மறைத்து வைக்கும் மாத்திரை டப்பாவில் வந்து முடியும். நேற்று கண்ணாடிக்காரர் என் கடைக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, கவலையோடு கேட்டார்:

"அண்ணே, ஒருவேளை விசா கிடைச்சுட்டா, அப்புறம் அவர்கிட்ட என்னண்ணே பேசறது?"

கிடைத்துவிட்டால் கவுண்டரில் பாஸ்போர்ட்டை எப்படி வாங்க வேண்டும், வாங்கியதும் முதலில் எந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று சில நுணுக்கங்கள் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் காப்பி எடுத்தவனுக்குத் தெரியாதா? அதை மட்டும் சொல்லி அனுப்பினேன்.

என்னை விடுங்கள். வித்வான் ஒரு காகிதத்தை எடுத்ததை, ஒரு சட்டையைப் பற்றிச் சொன்னதைப் படிக்கும்போது, நீங்கள் 'அட, ஹோட்டல் புக்கிங்கை அப்படி வைக்கக் கூடாதே' என்று ஒரு முறையாவது உள்ளுக்குள் சொன்னீர்களா, இல்லையா? 'பதினான்கு பக்கம் கொஞ்சம் கம்மிதான், கூட ஒரு காகிதம் வைத்திருந்தால்' என்று, அது எந்தக் காகிதம் என்பதுகூடத் தெரிந்து, இந்த நிமிடம் உங்கள் நாக்கு துறுதுறுக்கிறதா, இல்லையா? கண்ணாடிக்காரரின் கடை விலாசத்தை நான் உங்களுக்குத் தரப் போவதில்லை. அந்த மனிதர் எல்லோர் சொல்லையும் கேட்பவர்.